மஞ்சக் காரும் என் வயரிங்கும்

மொதல்ல வந்தது வாடைதான். ரேடியேட்டர்ல ஊத்துத கூலன்ட் கொதிச்சா ஒரு இனிப்பு வாடை வரும், வெல்லப்பாகு அடிப்பிடிச்ச மாதிரி. அது மூக்குல ஏறுன மறு நிமிஷம், அண்ணனோட மஞ்சக் காரு மூஞ்சிக்குள்ள இருந்து புசுபுசுன்னு ஆவி கெளம்பிருச்சு.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில, பத்துப் பதினோரு மணி இருக்கும். எட்டயபுரம் ரோட்டுக்குத் தெக்க பிளாட் போட்டு, தார் ரோடும் போட்டு, ஒரு வீடுகூட வராம வெறும் எல்லைக்கல்லா நின்ன எடம் அது. வெயிலுக்கு ஒதுங்க ஒரு மரம் கெடையாது. சுத்திக் கரிசக்காடு. நம்பர் பிளேட் இல்லாத காரை மெயின் ரோட்டுல ஓட்ட முடியாதுன்னு, பிளாட் போட்டவரக் கேட்டு அங்கன வச்சு மொத ஓட்டம் ஓட்டுனோம்.

சந்தனம் குங்குமம் வச்சு, மால போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கி, ரெண்டு ரவுண்டு நல்லாத்தான் போச்சு. மூணாவது ரவுண்டுல நின்னுட்டு. ஒரு முப்பது பேரு பாத்துட்டு நிக்காவ. சொந்தக்காரங்க, அண்ணனோட தொழில்காரங்க, ஸ்கூல் வேன் வச்சிருக்க தங்கப்பாண்டி அண்ணாச்சி.

அண்ணன் காருலருந்து எறங்குனாரு. ஆவியப் பாத்தாரு. எஞ்சினப் பாக்கல, ரேடியேட்டரப் பாக்கல. நேரா என்னையப் பாத்தாரு.

"ஏட்டி லெச்சுமி! ஒன் வயரிங் சொதப்பிட்டுல்லா!"

முப்பது பேரும் திரும்பி என்னையப் பாத்தாவ. தங்கப்பாண்டி அண்ணாச்சி ஒரு மாதிரியாச் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு: "பொம்பளப்புள்ள போட்ட வயருல்லா. விடுங்க, பையச் சரி பண்ணிக்கிடலாம்."

அந்தச் சிரிப்பப் பாத்ததும் கையில இருந்த டெஸ்ட் லைட்டத் தூக்கி எறியணும்போல இருந்துச்சு. எறியல. அது நான் ஆசப்பட்டு வாங்குனது.

பதினோரு வேன்

போன வாரம் இந்தத் தொடர வாசிக்கிற ஒருத்தர் கடைக்குப் போன் போட்டாரு. "ஏம்மா, வாரா வாரம் கோவமாவே எழுதுதீங்களே, சந்தோசமா ஒண்ணும் நடக்கலையா?"ன்னு கேட்டாரு. நடந்துச்சுங்க. ஆனா அது நடக்கும்போதெல்லாம் பக்கத்துல ஒருத்தர் நின்னு அத வேற யாருக்காவது தூக்கிக் குடுத்துருவாரு. நான் என்ன பண்ணட்டும்?

புதுசா வாசிக்கிறவங்களுக்குச் சொல்லிருதேன். கோவில்பட்டியில நான் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை வச்சிருக்கேன். செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர், பேட்டரி, வண்டி வயரிங் எல்லாம் பாப்பேன். ஐ.டி.ஐ.யில எலெக்ட்ரீசியன் படிச்சு வகுப்புல மொத ஆளா வந்தேன். வந்து என்ன? ஒரு பட்டறையிலயும் சேத்துக்கிடல. "லாரிக்குக் கீழ படுத்து வேல பாக்கணும்மா, ஒனக்குச் சரிப்படாது"ன்னு எம்மேல இரக்கப்பட்ட மாதிரியே தொரத்தி விட்டாவ. சரி போங்கன்னு நானே கடை போட்டேன். இன்னைக்கும் வண்டியக் கொண்டாந்து நிறுத்துத ஆளு, ஸ்பேனரோட நிக்கிற என்னையப் பாத்துக் கேக்கான்: "ஓனரு எங்கம்மா போயிருக்காவ?"

ஓனரு இங்கனதான் நிக்கேன். கண்ணுதான் தெரியல ஒனக்கு.

இதுல ஒரு அநியாயம் இருக்கு, கேளுங்க. ஆம்பள போட்ட வயரிங் கெட்டா, "பார்ட்டு சரியில்ல, கம்பெனி மோசம்"பாவ. நான் போட்டது கெட்டா, "பொம்பள வேல". பார்ட்டு ரெண்டு பேருக்கும் ஒரே கடையில வாங்குனதுதான்.

அந்த வருஷம்தான் தங்கப்பாண்டி அண்ணாச்சி மனசு எறங்கி வந்திருந்தாரு. அவரு வேன்ல ஒண்ணு அடிக்கடி மக்கர் பண்ணுச்சு. நாலு பேரு பாத்துச் சரியாவாதத நான் ஒரு காலையில சரி பண்ணிக் குடுத்தேன். அசந்துட்டாரு. "தீவாளி கழியட்டும்மா, பதினோரு வேனையும் ஒவ்வொண்ணா அனுப்புதேன். வயரிங் மொத்தத்தையும் உருவிட்டுப் புதுசாப் போட்டுரு. பிள்ளைய போற வண்டி"ன்னாரு. அதுவரைக்கும் என் கடைக்கு ஸ்கூட்டர் பேட்டரிதான் வரும். பதினோரு வேன் என் கடை வாசல்ல வந்து நின்னா, அதுக்குப் பொறவு ஒருத்தனும் ஓனரு எங்கன்னு கேக்க மாட்டான்லா? அதுக்காகத்தான் ராப்பகலா ஏங்கிக்கிட்டு இருந்தேன்.

அந்த அண்ணாச்சிக்கு முன்னால வச்சுத்தான் எங்கண்ணன் சொன்னாரு, "ஒன் வயரிங்"ன்னு. தீவாளி வந்துச்சு, போச்சு. ஒரு வேனும் வரல.

அண்ணனுக்கு எதுக்குக் காரு

எங்கண்ணன் செல்வராஜ் எனக்குப் பன்னெண்டு வயசு மூத்தவரு. சொந்தமாத் தீப்பெட்டி ஆபீஸ் வச்சிருக்காரு. எங்க ஊர்ல பாக்டரின்னு சொல்ல மாட்டோம், ஆபீஸ்தான். அய்யா காலத்துல இருந்து குடும்பத் தொழில். காலையில ஏழு மணிக்குப் போனா சாயந்தரம் வரைக்கும் குச்சி, மெழுகு, மருந்து, பெட்டி. வேற எதப் பத்தியும் பேச மாட்டாரு.

அந்த மனுசன் அம்பது வயசுல, ரெண்டு பேரு உக்காருத ஸ்போர்ட்ஸ் காரு ஒண்ண வீட்டுப் பின்னால செட்டுல வச்சுக் கட்டப் போறேன்னாரு. மதினி தலையில கை வச்சுட்டா. "லெச்சுமி, ஒங்க அண்ணனுக்கு ஏதோ ஆயிட்டு, வந்து பாரு"ன்னு எனக்குப் போன் போட்டா.

ஒண்ணும் ஆகல. கோயம்புத்தூர் பக்கம் பந்தயத் தடத்துல, கையால காரு கட்டுன ஆளுங்கெல்லாம் தை மாசம் கூடி ஓட்டிக் காட்டுதாவன்னு செல்போன்ல பாத்திருக்காரு. அதுல நம்ம ஊருக் காரும் நிக்கணும்னு ஒரு வெறி. எனக்கும் பிடிச்சிருந்துச்சு, இல்லன்னு சொல்லல.

முன்பக்கம் நொறுங்குன சின்னக் காரு ஒண்ணோட எஞ்சின எடுத்தாரு. இரும்புக் குழாய வளைச்சுச் சட்டம் அடிச்சாரு. எஞ்சின சீட்டுக்குப் பின்னால வச்சாரு. மேல்கூட்ட, தூத்துக்குடியில பைபர் படகு செய்யுத ஆளு வந்து செஞ்சு குடுத்தாரு. அதனாலயோ என்னமோ பாக்கதுக்குக் கவுந்த வள்ளம் மாதிரியே இருக்கும். சீட்டு உறை புதியம்புத்தூர்ல ரெடிமேட் தைக்கிற எடத்துல தச்சது. வயரிங் நான். ஒரு வயரு விடாம நான். ஹெட்லைட்டுல இருந்து ஹாரன் வரைக்கும், கலரு கலரா, சுத்தமா, எங்க தொட்டாலும் எது எங்க போகுதுன்னு தெரியுத மாதிரி போட்டிருந்தேன். என் வாழ்க்கையில அத விட நல்ல வேல செஞ்சதில்ல.

காத்து அடைச்ச குழாய்

ஆவி வந்த அன்னைக்குச் சாயந்தரமே செட்டுக்குப் போயிட்டேன். எஞ்சின் சூடு ஏறிக் கொதிச்சா மொதல்ல தண்ணி ஓடுதான்னு பாக்கணும். அப்புறம்தான் ஃபேனு, வயரு எல்லாம். இது எல்லாப் பட்டறைக்காரனுக்கும் தெரியும். எங்கண்ணனுக்கு மட்டும் எடுத்த எடுப்புல தங்கச்சி கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கா.

எஞ்சின் பின்னால, ரேடியேட்டர் முன்னால. நடுவுல எட்டடிக்கு ரெண்டு குழாய் போகுது. எஞ்சினத் திரும்ப ஓடவிட்டு, கையால தடவிப் பாத்தேன். ஒரு குழாய் பாதி வரைக்கும் சுட்டுச்சு, அதுக்கு மேல பச்சத்தண்ணி மாதிரி இருந்துச்சு. கீழ குனிஞ்சு பாத்தா, அண்ணன் அந்தக் குழாயச் சட்டத்துக்கு மேல ஏத்தி எறக்கியிருக்காரு, ஒட்டகத் திமில் மாதிரி. அந்த மேட்டுல காத்து மாட்டிக்கிச்சு. காத்து அடைச்சா தண்ணி எப்படிப் போகும்?

"அண்ணே, இங்கன பாருங்க. இது வயரா, குழாயா?"

"குழாய்தான்."

"குழாயப் போட்டது யாரு?"

அண்ணன் தொண்டையச் செருமிக்கிட்டாரு. மேட்டுல ஒரு மூடி வச்சு, முன்சக்கரத்தத் தூக்கி நிறுத்தி, காத்து மொத்தமும் கொப்புளம் கொப்புளமா வெளிய வர வரைக்கும் கூலன்ட்ட ஊத்துனோம். குழாய் முழுக்க ஒரே சூடு வந்துச்சு. சரி, தப்பு யாரு மேலன்னு தெரிஞ்சுட்டு, தங்கப்பாண்டி அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்த சொல்லிருவாருன்னு நெனச்சேன்.

சொல்லல. "எல்லாம் ஒண்ணுதாம்ட்டி, குடும்பத்துக்குள்ள என்ன"ன்னு போயிட்டாரு. குடும்பத்துக்குள்ளன்னா முப்பது பேரு முன்னால எதுக்குச் சொன்னீங்க?

ஒரு வாரம் கழிச்சுப் பிளாட்டுக்குக் கொண்டு போனோம். ஆறு ரவுண்டு ஓடுச்சு. ஏழாவது ரவுண்டுல திரும்பக் கொதிச்சுட்டு. அண்ணன் என்னையப் பாத்தாரு. கைய மட்டும் விரிச்சுக் காட்டுனாரு. அதுக்கு அவரு வாயாலயே சொல்லியிருக்கலாம்.

ரெண்டு சின்ன பல்பு

இந்தத் தடவ தண்ணி நல்லா ஓடுச்சு. ஃபேன்தான் சுத்தல.

ரேடியேட்டருக்கு முன்னால இருக்க ஃபேன் தானாச் சுத்தாது. தண்ணி சூடானதும் ஒரு சுவிட்ச் ரிலேக்குச் சொல்லும். ரிலேன்னா தீப்பெட்டியில பாதி அளவுல ஒரு சின்னப் பெட்டி, நாலு காலு. அது 'டிக்'குன்னு அடிச்சு பேட்டரி கரண்ட்ட ஃபேனுக்கு அனுப்பும். பேட்டரியும் ரிலேயும் பின்னால, எஞ்சின் பக்கத்துல இருந்துச்சு.

ரிலேயக் கழத்திப் பாத்தேன். திரும்பச் சொருவுனேன். ஃபேன் ஜம்முன்னு சுத்துச்சு! எதுக்கும் இருக்கட்டும்னு புது ரிலே போட்டேன். செட்டுல வச்சு அரை மணி நேரம் ஓட்டுனேன், ஒரு கொறையும் இல்ல. பிளாட்டுக்குப் போச்சு, எட்டாவது ரவுண்டுல கொதிச்சுட்டு.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒண்ணா வந்துச்சு. வயரு வயரா ஒவ்வொண்ணையும் இழுத்துப் பாத்தேன். எர்த் போல்ட்டச் சுரண்டிப் போட்டேன். மீட்டர் வச்சு அளந்தேன். எல்லாம் சரியா இருக்கு. சரியா இருக்கதுதான் கோவமே. ஒரு தப்பு கண்ணுல பட்டாக்கூட ஒத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். பின்ன எதுக்கு நிக்குது இந்தச் சனியன்?

அப்புறம் டேஷ்போர்டுல ரெண்டு சின்ன பல்பு மாட்டுனேன். ரிலேக்கு ஆர்டர் வந்தா செவப்பு எரியும். ரிலேயில இருந்து ஃபேனுக்குக் கரண்ட் போனா பச்ச எரியும். பக்கத்து சீட்டுல நானே உக்காந்துக்கிட்டேன். அண்ணன் ஓட்டுனாரு. கல்லு கல்லாத் தாண்டுது, அனல் காத்து மூஞ்சியில அடிக்குது, சூடு காட்டுத முள்ளு மேல ஏறுது. செவப்பு எரிஞ்சுச்சு. பச்ச எரியல.

"நிறுத்துங்க! ரிலே வாங்குது, குடுக்க மாட்டேங்குது!"

"புது ரிலேங்க. நீங்க போட்டது"ன்னாரு அண்ணன். கோவம் வந்தா எனக்கு "ங்க" போட்டுப் பேசுவாரு.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. நான் போன பொறவு எதையாவது தொட்டீங்களா?"

"எதுக்கு நான் தொடுதேன்? நீ போட்டது போட்டபடி இருக்கு."

சாமி சத்தியமாச் சொன்னாரு. அவரு பொய் சொல்லுத ஆளு இல்ல. அதனால நம்புனேன். அந்த வாரம் சந்தையில தங்கப்பாண்டி அண்ணாச்சியப் பாத்தேன். கும்பிட்டேன். அவரு முருங்கக்காயப் பாக்க மாதிரி குனிஞ்சுக்கிட்டாரு. முருங்கக்காய அம்புட்டு நேரம் யாரு பாப்பா?

பாலக்காட்டு மூக்கு

ரெண்டாவது புது ரிலே, மூணாவது புது ரிலேன்னு போட்டு, அதுவும் பிளாட்டுல படுத்துட்டு. காரைச் சூட்டோட மினி டெம்போவுல ஏத்தி என் கடைக்கே கொண்டாரச் சொல்லிட்டேன். அங்க வாசல்ல ஸ்கூட்டரோட ஒரு அம்மா நின்னாங்க. பேரு ஸ்ரீஜா. பாலக்காட்டுல இருந்து பேங்குக்கு மாத்தலாகி வந்து ஒரு மாசம்தான் ஆச்சு. பேட்டரி மாத்த வந்தவங்க.

பின்மூடியத் தொறந்தேன். அனல் குபுகுபுன்னு வந்துச்சு. ரிலேய உருவுனேன். காலுல வெள்ளையா ஏதோ இருக்கு. எப்பவும்போல கட்டவெரல் நகத்தால சுரண்டப் போறேன், அந்தம்மா மூக்கச் சுளிச்சாங்க.

"சேச்சி, இதென்னா மெழுகுதிரி வாசனை? சர்ச்சுக்குள்ள வர்ற மாதிரி இருக்கே!"

"மெழுகா? எனக்கு ஒண்ணும் வரலயே."

"நல்லா வருதே சேச்சி. உங்க கையிலதான்."

நகம் அப்படியே நின்னுட்டு.

நான் எங்க பொறந்தேன்னு நெனக்கீங்க? தீக்குச்சி எரிய மருந்து மட்டும் போதாது. குச்சி நுனிய மொதல்ல உருக்குன மெழுகுல முக்கணும், அப்பத்தான் தலையில பத்துன தீ குச்சிக்கு எறங்கும். எங்க வீட்டுக்கும் மெழுகு கொதிக்க எடத்துக்கும் நடுவுல ஒரு செவுருதான். சோத்துல அந்த வாடை, பாவாடையில அந்த வாடை, தலமுடியில அந்த வாடை. எங்க வீட்டுல எதுக்கும் மெழுகுதான் வைத்தியம். ஜிப் மாட்டுனா மெழுகு, தாப்பாள் இறுகுனா மெழுகு, சைக்கிள் செயினுக்கு மெழுகு, கல்யாணப் பத்திரிக நனையாம இருக்க மெழுகு. கூலன்ட் வாடை நூறு அடியில தெரியுத என் மூக்குக்கு, மெழுகுன்னா அது வெறும் காத்து.

இதுக்கு முந்துன மூணு ரிலேயிலயும் இதே வெள்ளை இருந்துச்சு. மூணு தடவையும் என் நகம் அதச் சுரண்டுச்சு, வேட்டித்துணி துடைச்சுச்சு, நான் அதப் பத்தி ஒரு நிமிஷம் யோசிக்கல. நெத்தி வேர்வையத் துடைச்சா யாராவது யோசிப்பாவளா? அப்படி. சுரண்டிச் சொருவுனா வேல செய்யத்தானே செய்யும்!

அந்த ரிலேயத் துடைக்காம காகிதத்துல பொதிஞ்சு எடுத்துக்கிட்டு நேரா ஆபீஸுக்குப் போனேன். ஸ்ரீஜாம்மா பேட்டரி அன்னைக்கு மாத்தல. பாவம், ஆட்டோவுல போனாங்க.

அண்ணன் குச்சி முக்குத எடத்துல நின்னாரு. சட்டத்துல வரிசையாச் செருகுன குச்சிய மெழுகுத் தொட்டியில முக்கி எடுக்காங்க.

"அண்ணே, ரிலேயத் தொட்டீங்களா?"

"எத்தன தடவட்டி கேப்ப? தொடல."

"மெழுகு வச்சீங்களா?"

"அது வச்சேன்."

"என்னது?"

"மெழுகு வச்சேன். வைக்காண்டாமா? கரிசத் தூசி மாவு மாதிரி எல்லா எடத்துக்கும் போவுது. ஒவ்வொரு தடவையும் நீ மாட்டிட்டுப் போன பொறவு கழத்தி, நாலு காலையும் நல்லா முக்கி, திரும்பச் சொருவி வச்சேன். நீதான் அதையெல்லாம் கவனிக்க மாட்டேல்லா."

தொட்டியில குச்சியும் அப்படித்தான் போய்ட்டு வருது. முக்கி, எடுத்து, சொருவி. எனக்குச் சிரிக்கவா அழவான்னு தெரியல.

எஞ்சின் சூட்டுல மெழுகு உருகும். வண்டி ஆடுத ஆட்டத்துல ரிலேக் காலுக்கும் அது சொருவுத எடத்துக்கும் நடுவுல போய்ப் படியும். மெழுகுக்குள்ள கரண்ட் போகாது. இத ஐ.டி.ஐ.யில மொத மாசம் சொல்லிக் குடுத்தாவ. முக்கா வருஷம் ராத்தூக்கம் கெட்டுப் போட்ட வயரிங், முப்பது பேரு சிரிப்பு, பதினோரு வேன், எல்லாத்தையும் இந்த மனுசன் பாசமா மெழுகுல முக்கி எடுத்திருக்காரு.

"நீ என் பொழப்பையே முக்கிட்ட!"ன்னு கத்துனேன். அண்ணன 'நீ'ன்னு சொன்னது வாழ்க்கையில அன்னைக்குத்தான். குச்சி முக்குதவங்க கை நின்னுட்டு.

அவரு ரிலேய வாங்கிப் பாத்தாரு. மூஞ்சி சுண்டிப் போச்சு. மெல்லமா, "ஏட்டி, வெளிய சொல்லிராத. தீப்பெட்டிக்காரன் காரையும் முக்கிட்டாம்லான்னு ஊரே சிரிக்கும்"ன்னாரு.

அதக் கேட்டதும்தான் எனக்கு உச்சந்தலைக்கு ஏறுச்சு. என்னையப் பாத்து ஊரு சிரிச்சப்ப அது குடும்பத்துக்குள்ள. இவரப் பாத்துச் சிரிச்சா அது வெளிய!

"அன்னைக்கு யாரு யாரு முன்னால சொன்னீங்களோ, அவிய அத்தன பேரு முன்னாலயும் சொல்லணும். இல்லன்னா காருல இருக்க என் வயரு அத்தனையையும் உருவி எடுத்துட்டுப் போயிருவேன். கோயம்புத்தூருக்கு மாடு கட்டி ஓட்டிட்டுப் போங்க."

சத்தமா சொல்லுங்க

தை பொறந்து ரெண்டாம் நாளு. அதே பிளாட்டு, அதே ஆளுங்க. மதினி தாக்கல் சொல்லிக் கூப்பிட்டதால தங்கப்பாண்டி அண்ணாச்சியும் வந்திருந்தாரு. மெழுகெல்லாம் சுத்தமாத் தொடச்சு, புது ரிலே போட்டு, அதுக்குத் தூசி போகாத ரப்பர் மூடி போட்டிருந்தேன். பதினஞ்சு ரவுண்டு. முள்ளு ஏறும், செவப்பும் பச்சையும் ஒண்ணா எரியும், முள்ளு எறங்கும். நிறுத்துன பொறவும் ஃபேன் கொஞ்ச நேரம் சுத்திட்டுத் தானா நின்னுச்சு. எல்லாரும் கை தட்டுனாவ.

அண்ணன் எறங்குனாரு. நான் அவரு மூஞ்சியவே பாத்துட்டு நிக்கேன்.

"வயரிங்குல சின்னதா ஒரு எடக்கு இருந்துச்சு. சரி பண்ணியாச்சு"ன்னாரு.

கேட்டீங்களா! அப்பவும் வயரிங்கு!

நான் காகிதப் பொதியப் பிரிச்சு அந்த ரிலேயத் தங்கப்பாண்டி அண்ணாச்சி கையில குடுத்தேன். "மோந்து பாருங்க அண்ணாச்சி."

மோந்தாரு. "ஒண்ணும் வாசன இல்லியேம்மா."

பக்கத்துல நின்னவரு வாங்கி மோந்தாரு. இல்லன்னாரு. மதினி மோந்தா, இல்லன்னா. முப்பது பேரு கை மாறுச்சு, முப்பது பேரும் இல்லன்னாவ. எல்லாரும் எங்க ஊரு மூக்கு. பாதிப் பேரு தீப்பெட்டி ஆபீஸ்காரங்க, மீதிப் பேரு அங்க வேல பாத்தவங்க, இல்லன்னா அந்தக் காத்துலயே வளந்தவங்க. ஸ்ரீஜாம்மாவக் கூப்பிட்டிருக்கலாம்னு பல்லக் கடிச்சேன்.

"அண்ணே, தீப்பெட்டி குடுங்க"ன்னேன்.

சட்டைப் பையில இருந்து அவரு ஆபீஸ் பெட்டியவே எடுத்துக் குடுத்தாரு. ரிலேயக் குறட்டால பிடிச்சேன். ஒரு குச்சியக் கிழிச்சு நாலு காலுக்கும் கீழ காட்டுனேன். சொட்டு சொட்டா உருகி, மஞ்சக் காரு மூடி மேல வெள்ள வெள்ளையா விழுந்து உறைஞ்சுச்சு. அங்க நின்ன ஒருத்தருக்கும் அது என்னன்னு சொல்லித் தர வேண்டியதில்ல. எல்லாரும் அண்ணனப் பாத்தாவ.

"நாந்தான் வச்சேன்"ன்னாரு அண்ணன், தரையப் பாத்துக்கிட்டு.

"சத்தமா சொல்லுங்க அண்ணே. அன்னைக்கு அந்தக் கடைசிக் கல்லு வரைக்கும் கேட்டுச்சு."

நிமுந்தாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு. எனக்கும்தான். ஆனா நான் விடல.

"மெழுகு வச்சுக் கெடுத்தது நான். குழாயத் தப்பாப் போட்டதும் நான். லெச்சுமி வயரிங்குல ஒரு குத்தமும் கெடையாது. மொத நாளே கெடையாது."

ஒருத்தரும் சிரிக்கல. அவரு பயந்த மாதிரி ஊரு ஒண்ணும் சிரிக்கல. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அவரு வேலயில தப்புன்னா எல்லாரும் ரிலேய வாங்கித் திருப்பித் திருப்பிப் பாக்காவ, "சூடு எம்புட்டு இருக்கும், மெழுகு எப்ப உருகும்"னு அக்கறையா விசாரிக்காவ. என் வேலன்னு நெனச்சப்ப எடுத்துப் பாக்க ஒரு கை நீளல, பல்லுதான் தெரிஞ்சுச்சு.

கூட்டம் கலையும்போது தங்கப்பாண்டி அண்ணாச்சி மட்டும் என் பக்கத்துல வந்து நின்னாரு. மன்னிப்பு கேப்பாருன்னு பாத்தேன். கேக்கல. தலையச் சொறிஞ்சாரு.

"திங்கக்கெழம மொத வேன அனுப்புதேம்மா. பொறவு... எங்க டிரைவருமாரும் மழைக்கு ஆகாதுன்னு அங்கங்க மெழுகு வச்சிருக்கானுவோ. நாந்தான் வைக்கச் சொன்னேன். அதையும் கொஞ்சம் பாத்துரு."

திங்கக்கெழம காலையில ஒம்போது மணிக்கு வேன் வந்து வாசல்ல நின்னுச்சு. ஃபியூஸ் பெட்டியத் தொறந்தேன். மூக்க உள்ள விட்டு நல்லா இழுத்து மோந்து பாத்தேன். ஒரு வாடையும் வரல.

பொறவு நகத்த வச்சுச் சுரண்டுனேன். வெள்ளையா சுருண்டு சுருண்டு வந்துச்சு.